காரில் கைபடாமல் போன் பேச: ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நூற்று எழுபது இலை என்று நான் சொன்னேன். சமையல்காரர் காதில் நூற்று இருபது என்று விழுந்தது. அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு முதல் நாள் அது. சிங்கப்பூரிலிருந்து வரும் தம்பியை அழைத்து வர, காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிச் செருகிய ஒரு ப்ளூடூத் கருவி. அதன் வழியாகத்தான் பேச்சு. அவர் குரல் எனக்கு மணிமணியாகக் கேட்டது. "சரிங்கண்ணே, ஆகட்டுங்கண்ணே" என்றார். மறுநாள் இரண்டாம் பந்தியில் பாதிப் பேர் உட்கார்ந்த பிறகு உள்ளேயிருந்து ஆத்தா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. கருவியை நான் சோதித்துத்தான் வாங்கினேன். கடையில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள், நன்றாக இருந்தது. என் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்த்தேனே தவிர, நான் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஹேண்ட்ஸ்ஃப்ரீ வாங்கும் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு இதுதான். ஸ்பீக்கரைப் பார்த்து வாங்குகிறோம், மைக்கைப் பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டி முழுக்க மைக் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அப்புறம் மூன்று கருவி மாற்றிவிட்டேன். அதில் இரண்டுக்குக் கொடுத்த காசு தண்டம்.

படி 1: கடைக்குப் போகுமுன் வண்டிக்குள் உட்காருங்கள்

தேவகோட்டையில் இருக்கும் அத்தான் ஒருவர் கண்ணாடிக்கு மேலே மாட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்து, மாட்டித் தரச் சொல்லி வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்டீரியங்கைப் பார்த்தேன். இடது பக்கம் போன் படம் போட்ட பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. வண்டி வாங்கி நான்கு வருடம். அது எதற்கென்று அவர் கேட்கவே இல்லை. "இது ஹாரன் மாதிரி ஏதோன்னு நெனச்சேன்ப்பா" என்றார். ஐந்தே நிமிடத்தில் போனை இணைத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே முதலில் ஸ்டீரியங்கையும் ஸ்டீரியோவின் முகத்தையும் பாருங்கள். போன் படமோ, கூர்மையான பி எழுத்து போன்ற ப்ளூடூத் சின்னமோ இருந்தால் வேலை முடிந்தது. அந்தச் சின்னம் பழைய வடநாட்டு எழுத்துகள் இரண்டைச் சேர்த்து வரைந்தது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்ட் ப்ளூடூத் என்ற மன்னரின் பெயர்தான் இந்த நுட்பத்துக்கும் வந்தது. ஒன்று மட்டும் கவனம்: சில பழைய ஸ்டீரியோக்களில் ப்ளூடூத் பாட்டுக்கு மட்டும்தான், பேச்சுக்கு இல்லை.

சின்னம் இல்லையென்றால் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை, அதாவது பழைய ஹெட்போன் முள் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா? யுஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பழைய வண்டிகளில் அது பென் டிரைவ் பாட்டுக்கும் சார்ஜுக்கும்தான். அடுத்து, ஸ்டீரியோ ஒற்றை உயரமா, இரட்டை உயரமா? ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒற்றை டின். 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் இரட்டை டின். மூன்றாவது, சாவியை எடுத்த பிறகும் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா? சார்ஜரைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். வருகிறதென்றால், வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தும்போது அதில் எதையும் செருகிவைக்கக் கூடாது; பேட்டரி மெல்ல மெல்ல இறங்கிவிடும். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டில் வண்டியைப் பூட்டிவைக்கும் நம்மவர்களுக்கு இது முக்கியம். நான்காவது, ஏசியைக் கடைசி எண்ணில் வைத்துக் கண்ணை மூடி அந்த இரைச்சலைக் கேளுங்கள். உங்கள் மைக் நாள் முழுக்கச் சண்டை போடப்போவது இதனோடுதான்.

செட்டிநாட்டில் மட்டும் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. பெரிய வீட்டின் பின்கட்டில் ஐயா காலத்து வண்டி நிற்கும், அதற்கு என்ன மாட்டலாம்? அம்பாசடர் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனால் 1950களைச் சேர்ந்த பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் மின் அமைப்பே தலைகீழாக இருக்கும். பேட்டரியின் பிளஸ் முனையை வண்டியின் உடம்போடு கட்டியிருப்பார்கள். இன்றைய ஸ்டீரியோவையோ சார்ஜரையோ யோசிக்காமல் அதில் இணைத்தால் புகைதான் வரும். சில வண்டிகள் 6 வோல்ட்டிலேயே ஓடும். அந்த மாதிரி வண்டிகளின் டாஷ்போர்டில் துளை போடவும் யாருக்கும் மனசு வராது. முன்கண்ணாடிக்கு மேலே உள்ள வெயில் மறைப்பில் மாட்டி, தன் பேட்டரியில் ஓடும் கருவிதான் (படி 3இல் வரும் சன் வைசர் வகை) அவற்றுக்குச் சரி. அதை வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துப் போகலாம்.

படி 2: உங்களை யார் அழைக்கிறார்கள்?

இதைக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் பாதித் தேர்வு இதில்தான் இருக்கிறது.

நம் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அவர்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடும்போது நாம் காலை பத்து மணிக்குக் குன்றக்குடி தாண்டிப் போய்க்கொண்டிருப்போம். அந்த அழைப்புகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். இங்கேதான் கோளாறு. சாதாரண அழைப்பைப் பொத்தானைத் தட்டி எடுக்க விடும் சில மலிவுக் கருவிகள், வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் ஒலியை மட்டும் தரும். எடுக்க வேண்டுமென்றால் போனைத்தான் தொட வேண்டும். போனைத் தொடாமல் இருக்கத்தானே இதை வாங்குகிறோம்? வாட்ஸ்அப் உங்களுக்கு முக்கியம் என்றால் கடையிலேயே ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வரவழைத்துப் பாருங்கள்.

கடைக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு போன் என்று இரண்டு வைத்திருப்பவர்கள் "ஒரே நேரத்தில் இரண்டு போன் இணையுமா?" என்று கேட்டு வாங்குங்கள். ஒரே போனில் இரண்டு சிம் என்றால் கவலை வேண்டாம், எந்தக் கருவியும் போதும்.

வண்டியை ஓட்டுவது நீங்களா, டிரைவரா என்பதையும் யோசியுங்கள். காரின் ஸ்பீக்கர் வழியே பேச்சு வந்தால் பின்சீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மாப்பிள்ளை வீட்டார் பின்னால் இருக்க, பெண் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

படி 3: நான்கு வகை, நான்கு குணம்

லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்எம் வகை. ஏறக்குறைய ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். இது ஒரு குட்டி வானொலி நிலையம். போனில் வரும் குரலை வாங்கி, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் அலைவரிசையில் ஒலிபரப்பும். காரின் ரேடியோ அதைப் பிடித்து ஸ்பீக்கரில் தரும். எந்தப் பழைய வண்டியிலும் வேலை செய்யும், போனுக்கு சார்ஜும் ஏறும். குறை இரண்டு. காலியாக இருக்கும் அலைவரிசையைத் தேட வேண்டும். கோடைப் பண்பலையின் 100.5, மதுரை வானொலியின் 103.3 பக்கம் போனால் உங்கள் சம்பந்தியின் குரலுக்கு நடுவே நேயர் விருப்பம் ஓடும். காரைக்குடியில் காலியாக இருந்த அலைவரிசை திருச்சியை நெருங்கும்போது நிரம்பியிருக்கும். இரண்டாவது குறைதான் பெரியது: மைக் அந்தக் கருவிக்குள்ளேயே, கியருக்குப் பக்கத்தில், உங்கள் வாயிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு வந்துசேரும் குரலின் வலு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஏசியின் காற்று வாயோ அதற்கு நேர் மேலே. என் நூற்று எழுபது நூற்று இருபதானது இப்படித்தான்.

ஆக்ஸ் துளையில் செருகும் வகை. விலை கிட்டத்தட்ட அதேதான், ஒலி எஃப்எம்மைவிடத் தெளிவு. ஆனால் இந்த வகையில் பல கருவிகளில் மைக்கே கிடையாது, பாட்டுக்கு மட்டும் செய்தவை. பெட்டியில் மைக் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கைத் தனிக் கம்பியில் நீட்டி, ஸ்டீரியங் பக்கமாக ஒட்டிக்கொள்ளும் மாதிரி கிடைத்தால், ஆக்ஸ் உள்ள வண்டிக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இன்னொரு தொல்லை உண்டு: சார்ஜரும் ஆக்ஸும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஊய் என்று ஒரு சத்தம் கூடவே ஏறும். வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பா ஒன்று இருக்கிறது. ஆக்ஸ் கம்பிக்கு நடுவில் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சன் வைசரில் மாட்டும் வகை. கண்ணாடிக்கு மேலே வெயிலுக்கு மடக்கிவிடும் மறைப்பில் கிளிப் போட்டு மாட்டுவது. ஆயிரத்து ஐந்நூறு முதல் நான்காயிரம் வரை. நல்ல பெயருள்ளது இன்னும் மேலே போகும். ஸ்பீக்கர், மைக், பேட்டரி எல்லாம் அதற்குள்ளேயே. மைக் உங்கள் வாய்க்கு ஒன்றரை சாண் தூரத்தில், ஏசிக் காற்று படாத உயரத்தில் வந்துவிடுகிறது. பேச்சுக்கு மட்டும் வேண்டும், பாட்டு வேண்டாம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். அந்தச் சாந்திக்குப் பிறகு நான் வாங்கியதும் இதைத்தான்.

ஆனால் எனக்கு அது ஒரு கோடைதான் தாங்கியது. காரணம் கருவி அல்ல, நான். பிள்ளையார்பட்டியில் மதியம் வண்டியை வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போய், அர்ச்சனை முடித்து, சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்படி எத்தனையோ தடவை. மே மாத வெயிலில் பூட்டிய கார் 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். கண்ணாடியை ஒட்டிய மறைப்பில் அதற்கு மேலேயும் போகும். லித்தியம் பேட்டரிகளைச் சார்ஜ் செய்யப் பொதுவாகச் சொல்லும் வரம்பே 45 டிகிரிதான். ஜூனில் பேட்டரி உப்பி, மூடி பிளந்து நின்றது. லித்தியம் மின்கலத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்குகிறது. அந்த ஊர்க்காரனுக்கே இது தெரியவில்லையே என்று ஒரு நண்பர் இன்றும் கேலி செய்கிறார். வைசர் வகை வாங்கினால் இறங்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை வெயிலில் விட்டுவிட்டு வந்ததும் உடனே சார்ஜிலும் போடாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும்.

ஸ்டீரியோவையே மாற்றுவது. ஒற்றை டின் ப்ளூடூத் ஸ்டீரியோ மூவாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை. திரை வைத்த இரட்டை டின் எட்டாயிரத்தில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டும். இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளி மைக் இணைக்கும் துளை உண்டா, மைக் பெட்டியோடு வருகிறதா? ஸ்டீரியோ முகத்திலேயே ஊசித் துளை மைக் வைத்த மலிவு மாடல்கள் எஃப்எம் கருவியின் குறையையே இன்னும் அதிக விலைக்குத் தருகின்றன. வெளி மைக் உள்ள பயோனியர், சோனி, ஜேவிசி மாதிரியானவை ஏற்கெனவே ஊரில் பலர் மாட்டியிருப்பார்கள். அவர்கள் வண்டியில் ஏறி ஒரு போன் செய்து பாருங்கள், விளம்பரத்தைவிட அது மேல்.

திரையுள்ளதில் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே என்று சொல்வார்கள்; போனில் உள்ள வசதிகளைக் காரின் திரையில் காட்டுபவை அவை. வரைபடம் பெரிதாகத் தெரிவதற்கு நல்லது. ஆனால் ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கம்பியில் இணைத்தாலும் போன் பேச்சு ப்ளூடூத் வழியாகத்தான் போகும். எனவே அதை வாங்கிவிட்டதால் மைக் கவலை போய்விடாது.

காதில் மாட்டும் ஒற்றை ஹெட்செட்டை ஐந்தாவதாகச் சொல்வோர் உண்டு. நான் சொல்வதில்லை. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனுக்கு இரண்டு காதும் வேண்டும்.

படி 4: பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

ப்ளூடூத் 5.0, 5.3 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இணைப்பு நிலைக்கவும் மின்சாரம் மிச்சமாகவும் அது உதவலாம். குரல் தெளிவுக்கு அந்த எண் பொறுப்பல்ல. நீங்கள் தேட வேண்டிய எழுத்துகள் வேறு. எச்எஃப்பி என்று இருந்தால் பேச்சு வசதி உண்டு என்று பொருள். ஏ2டிபி மட்டும் இருந்தால் பாட்டு மட்டும். பிபிஏபி இருந்தால் போனில் உள்ள பெயர்ப் பட்டியல் கருவிக்கு வரும். யார் அழைக்கிறார் என்று பெயர் காட்டும். பெயர்களைத் தமிழில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்துரு இல்லாததால் வெறும் கட்டங்களாகத் தெரியும். என் ஆச்சி, அத்தை, பால்காரர் மூவரும் ஒரே மாதிரி நான்கு கட்டங்களாக வந்தார்கள்.

எச்டி வாய்ஸ் அல்லது வைட்பேண்ட் என்ற சொல் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம். பழைய ப்ளூடூத் பேச்சு நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து அனுப்பும். 2011இல் வந்த எச்எஃப்பி 1.6 முதல் 16,000 முறை அனுப்பும் வழி வந்தது. பழைய முறையில் ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி வெட்டுப்படும். ச, ஸ, ஷ எல்லாம் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் தங்கியிருக்கின்றன. இன்றைய 4ஜி அழைப்பு தெளிவாக வந்தாலும் கருவி பழையதென்றால் கடைசி இரண்டடியில் தெளிவு போய்விடும். போனும் கருவியும் இரண்டுமே இதற்கு ஒத்துவர வேண்டும்.

எக்கோ கேன்சலேஷன் (எதிரொலியை நீக்குவது), நாய்ஸ் கேன்சலேஷன் (இரைச்சலை நீக்குவது) இரண்டும் எல்லாப் பெட்டியிலும் அச்சடித்திருக்கும். அதைப் படித்து ஒன்றும் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

படி 5: கடையில் செய்யும் சோதனை

இந்தப் படியை மட்டும் தவிர்க்காதீர்கள். காரைக்குடியில் செக்காலை ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் பாட்டுத்தான் போடுவார்கள். "பாட்டு இருக்கட்டும் தம்பி, ஒரு போன் பேசிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கருவியை உங்கள் வண்டியிலேயே, உங்கள் போனோடு இணையுங்கள். அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, வண்டியைக் கிளப்பி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் இறங்கிக் கடைக்குள் போய், கடைக்காரர் போனிலிருந்து அழையுங்கள். ஆமாம், நீங்கள் எதிர்முனையில் நிற்க வேண்டும். நீங்கள் வாங்குவது அந்த முனைக்காக.

வண்டிக்குள் இருப்பவர் ஓர் இருபது எண்கள் சொல்லட்டும்: பதினேழு, எழுபது, இருபது, அறுபது, எண்பத்தொன்று, ஐம்பத்தொன்று என்று இப்படி. நீங்கள் தாளில் எழுதுங்கள். "நல்லா கேக்குதா?" என்று கேட்டால் யாரும் "கேக்குது" என்றுதான் சொல்வார்கள், எழுதிப் பார்த்தால் பொய் சொல்ல முடியாது. அந்த இருபதில் இரண்டு தப்பினாலே வேறு கருவி பார்க்கலாம். அடுத்து அவர் பாதிக் கண்ணாடியை இறக்கிப் பேசட்டும். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசிப் பாருங்கள். மட்டமான கருவி ஒரு பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தை அடைத்துவிடும்; பழைய வாக்கி டாக்கி மாதிரி ஒருவர் முடித்தால்தான் மற்றவர்.

கடைசியாக, உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்கிறதா என்று கவனியுங்கள். வளவு வீட்டுப் பட்டாசாலையில், அதாவது பெரிய கூடத்தில், ஆளில்லாத நேரத்தில் கூப்பிட்டால் குரல் திரும்புமே, அது மாதிரி. காரின் ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அங்குள்ள மைக் மறுபடி பிடித்து அனுப்புவதால் வருவது இது. ஒலியளவைக் குறைத்தால் போகிறதா பாருங்கள். பாதி அளவிலும் போகவில்லையென்றால் அந்தக் கருவி வேண்டாம். எஃப்எம் வகையில் இது சற்று அதிகம், குரல் ரேடியோ வழியாகச் சுற்றி வருவதால்.

சோதிக்க விடாத கடையா? மாற்றித் தரும் வசதியுள்ள இடத்தில் வாங்கி, முதல் இரண்டு நாளிலேயே இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

படி 6: மாட்டும்போது

ஸ்டீரியோ மாற்றுவதென்றால் எலக்ட்ரீஷியனிடம் முதல் வார்த்தையாக "ஒயரை வெட்டாதீங்க, கப்ளர் போடுங்க" என்று சொல்லுங்கள். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செருகும் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வெட்டி டேப் சுற்றிய ஒயர் வாரண்டி உள்ள வண்டியில் தகராறு. பழைய வண்டியில் ஃபியூஸ் போவதற்கு வழி. ஸ்டீரியங் பொத்தான்கள் புதிய ஸ்டீரியோவிலும் வேலை செய்யுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மைக்கை எங்கே ஒட்டுவது என்பதை எலக்ட்ரீஷியன் வசதிக்கு விட்டால் அருகில் இருக்கும் இடத்தில் ஒட்டிவிடுவார். டிரைவர் பக்கத்து முன் தூணின் மேல்பகுதி, அல்லது வைசருக்கு மேலே கூரை ஓரம்: இந்த இரண்டும் நல்ல இடங்கள். ஏசிக் காற்று வாய்க்கு எதிரே வேண்டாம். ஏர்பேக் உள்ள தூணில் கம்பியை உள்ளே விடும்போது ஏர்பேக்கிற்கு முன்னால் குறுக்கே போகாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் கையில் பிடித்தபடியே மூன்று இடத்தில் வைத்து, மூன்று முறை வீட்டுக்குப் பேசுங்கள். வீட்டில் இருப்பவர் "இது நல்லா இருக்கு" என்று சொல்லும் இடம்தான் இடம்.

போனை இணைக்கும்போது "தொடர்புகளைப் பகிரவா" என்று கேட்கும்; சரி என்றால்தான் பெயர் வரும். பலர் மறுத்துவிட்டு, எண் மட்டும் வருகிறது என்று குறைப்படுவார்கள். பேச்சின் ஒலியளவும் பாட்டின் ஒலியளவும் போனில் தனித்தனி. குரல் சன்னமாக இருந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே போனின் ஒலிப் பொத்தானை ஏற்றிவிடுங்கள், நிறுத்திய வண்டியில்.

படி 7: சட்டமும் சாலையும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 184ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பேசுவது ஆபத்தாக ஓட்டுவதாகவே எழுதப்பட்டிருக்கிறது. முதல் முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வழி காட்டும் வரைபடத்துக்காக மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்த 2020இல் விதி இடம் கொடுத்தது. ஆகவே போனை மடியில் வைக்காமல் ஒரு தாங்கியில் மாட்டுங்கள்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீ கையைத்தான் விடுவிக்கிறது, மனசை அல்ல. மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. தை மாதத்தில் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியே விடியுமுன்னரே சாலையோரம் நிறைந்திருப்பார்கள். அந்த நாட்களில் அந்தச் சாலையில் நான் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை. "வண்டி ஓட்டுகிறேன், பிறகு பேசுகிறேன்" என்று தானாகப் பதில் அனுப்பும் வசதி இன்றைய போன்களில் உண்டு. அதைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். இலை எண்ணிக்கை மாதிரியான பேச்சுக்கு இப்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டிவிடுகிறேன்.

படி 8: கோளாறு வந்தால்

பேச்சு விட்டு விட்டு வருகிறதா? கருவியைத் திட்டுவதற்கு முன் போனின் டவர் கோடுகளைப் பாருங்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே பொட்டல் வெளியில் சிக்னல் இறங்கும். அந்தப் பழி கருவி மேல் விழும். கோடுகள் முழுதாக இருந்தும் விட்டு வந்தால், போன் பின் பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பு நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

திடீரென்று இணையவே மாட்டேன் என்கிறதா? போனிலும் கருவியிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள், பத்தில் எட்டு தடவை சரியாகிவிடும். மனைவியின் போனை வண்டி முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது என்பது இன்னொரு பரவலான புகார். கருவியில் முதன்மைப் போன் எது என்று அமைக்கும் வசதி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் இறங்கும்போது இருவரில் ஒருவர் ப்ளூடூத்தை அணைக்க வேண்டியதுதான். யார் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

பழைய வண்டியை விற்கும்போதோ ஸ்டீரியோவைக் கழற்றிக் கொடுக்கும்போதோ, அதில் பதிந்த போன்களையும் பெயர்ப் பட்டியலையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அமைப்புகளுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் என்றால் போதும். இப்போது நான் ஓட்டுவது இரண்டாம் கை வண்டி. வாங்கிய அன்று திரையைத் திறந்தால் முன்பு வைத்திருந்தவரின் ஊரே உள்ளே இருந்தது: பல் டாக்டர், கேஸ் ஏஜென்சி, வட்டிக்கடை, "சின்ன மாப்பிள்ளை எடுக்காதே". ஒன்றையும் தொடாமல் அழித்தேன். சின்ன மாப்பிள்ளை என்ன செய்தார் என்றுதான் இன்னும் தெரியவில்லை.